வாளி பிடிக்க ஓர் ஆள்

"எனக்கு வாளி பிடிக்க ஆள் இல்லை. நீ வருவாயா?" என்று என் தோழி கேட்டபோது, எதற்கு வாளி, அதை ஏன் ஒருவர் பிடிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. என் ஜெர்மன் அப்போது அந்த அளவில்தான் இருந்தது. உல்ம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட். அவள் சொந்த ஊர் மெம்மிங்கன், உல்மிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர். அந்த ஊர்த் திருவிழாவைப் பற்றி அவள் பேசாத ஜூலை மாதம் கிடையாது. ஆனால் 2022 ஜூலையில் அவள் பேச்சில் ஒரு பதற்றம் இருந்தது. அந்த ஆண்டு அவள் ஓடைக்குள் குதிக்கப் போகிறாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பிறந்து வளர்ந்த ஊரின் ஓடையில் அதுவரை அவள் குதித்ததே இல்லை. அம்மா இரண்டு வாரமாகப் பேசவில்லையாம். அண்ணன் பேசுகிறான், ஆனால் அவன் மனைவி அவனுக்கு வாளி பிடிக்க வேண்டும். அதனால் நான்.

மெம்மிங்கன் பவேரியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சிறிய ஊர். மக்கள்தொகை 45,000 சொச்சம். ஊருக்கு நடுவே ஓர் ஓடை போகிறது, அதை ஷ்டாட்பாக் என்கிறார்கள், ஊர் ஓடை என்று பொருள். இருபுறமும் கல் சுவர், அதை ஒட்டி வீடுகள், வீட்டுக்கு வீடு ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி. பழைய காலத்தில் ஊர் அழுக்கெல்லாம் அந்த ஓடையில்தான் சேர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சேறு அள்ளுவார்கள். அதற்கு முன்னால் உள்ளே கிடக்கும் மீனைப் பிடித்தாக வேண்டும். அந்த வேலைதான் சில நூற்றாண்டுகளில் திருவிழா ஆனது. ஃபிஷர்டாக், மீனவர் நாள். கோடை விடுமுறைக்கு முன்னால் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு வேட்டு வெடிக்கும். நூற்றுக்கணக்கான ஆண்கள் வலையோடு ஓடைக்குள் குதிப்பார்கள். அதிக எடையுள்ள டிரவுட் மீனைப் பிடிப்பவன் அந்த ஆண்டுக்கு ராஜா. மீன் ராஜாவுக்கு முடிசூட்டு விழா உண்டு, அதற்குக் காலையிலேயே பீர் உண்டு.

பெண்களுக்கும் இதில் ஓர் இடம் இருந்தது. கரையில். வாளியில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் அப்பாவோ கணவனோ அண்ணனோ வலையைத் தூக்கும்போது மீனை வாங்கிக்கொள்ள வேண்டும். சிறுவர்களும் அந்த வேலையைச் செய்வார்கள், ஆனால் சிறுவர்கள் வளர்ந்ததும் தண்ணீருக்குள் போய்விடுவார்கள்.

விழாவை நடத்துவது ஒரு சங்கம். ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள், பெண்களும் உண்டு. சந்தா எல்லோருக்கும்தான். ஆனால் ஓடையில் மீன் பிடிக்கும் குழுவில் ஆண்கள் மட்டுமே சேரலாம் என்று விதி. கிறிஸ்டியானே ரென்ஸ் என்ற நெடுநாள் உறுப்பினர் அந்த விதியை மாற்றச் சொல்லிச் சங்கத்துக்குள்ளேயே கேட்டார். பிரதிநிதிகள் கூட்டம் மறுத்தது. அவர் நீதிமன்றம் போனார். 2020 ஆகஸ்டில் மெம்மிங்கன் கீழமை நீதிமன்றமும், 2021 ஜூலையில் மேல்முறையீட்டில் அங்குள்ள மாவட்ட நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னன. யாரை எதில் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை, இது எங்கள் பாரம்பரியம் என்பது சங்கத்தின் வாதம். ஊரின் மிகப்பெரிய விழாவையே கையில் வைத்திருக்கும் சங்கம், நாலு பேர் கூடிச் சீட்டாடும் கிளப் போல நடந்துகொள்ள முடியாது, பெண் என்பதற்காக மட்டும் ஒருவரை விலக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பாரம்பரியம் என்ற சொல்லைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று உண்டு. சேறு அள்ளுவதற்காக மீன் பிடித்த காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது பிடிப்பதற்காகவே மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அது மாறலாம், இது மாறக் கூடாது.

இடையில் இரண்டு ஆண்டு கொரோனாவால் விழா நடக்கவில்லை. எனவே தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் மீனவர் நாள் 2022 ஜூலையில்தான்.

வெள்ளிக்கிழமை மாலையே போய்விட்டேன். தெருவெல்லாம் மேசை, பெஞ்ச், பேண்டு வாத்தியம். தோழி என்னை ஊர் சுற்றிக் காட்டினாள். இரண்டு கட்டடங்களை நான் மறக்க மாட்டேன்.

முதலாவது ஒரு வணிகர் சங்க வீடு. 1525 மார்ச்சில் சுற்றுவட்டார விவசாயிகளின் பிரதிநிதிகள் அங்கே கூடித் தங்கள் பிரபுக்களுக்கு எதிராகப் பன்னிரண்டு கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் சாமானியர்கள் உரிமை கேட்டு எழுதிய முதல் ஆவணங்களில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். அச்சிலேறி நாடெல்லாம் பரவியது. விவசாயிகள் போரில் தோற்றார்கள், கொல்லப்பட்டார்கள், ஆனால் அந்த ஏட்டை ஊர் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அந்தப் பன்னிரண்டில் நான்காவது எது தெரியுமா? ஓடும் தண்ணீரில் ஏழை மனிதன் மீன் பிடிக்கக் கூடாது என்று தடுப்பது நியாயமல்ல என்பது. தோழி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தேன். மனிதன் என்றால் நான் இல்லை என்று அப்போது தோன்றவே இல்லை" என்றாள்.

இரண்டாவது, நீதிமன்றம். ரென்ஸுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்ன அதே மாவட்ட நீதிமன்றத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1980களில் இந்த ஊரில் ஹோர்ஸ்ட் தைசன் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். கருக்கலைப்பு செய்தவர். வரி சோதனைக்கு வந்தவர்கள் அவருடைய நோயாளிகளின் அட்டைகளை எடுத்துப்போக, அவை அரசு வழக்கறிஞர் கைக்குப் போயின. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அபராதம். 1988 செப்டம்பரில் மருத்துவர் மீதான வழக்கு தொடங்கியபோது, அந்தப் பெண்களில் பலர் சாட்சிகளாக அழைக்கப்பட்டார்கள். நீ ஏன் கலைத்தாய், குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஜெர்மனி முழுக்கப் பெண்கள் இதைச் சூனியக்காரி வேட்டை என்று சொல்லித் தெருவில் இறங்கினார்கள். 1989 மே மாதம் மருத்துவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்துசெய்து, கடைசியில் தண்டனை குறைந்தது. பெண்களுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. அந்தக் கட்டடத்துக்கு எதிரே நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேட்டேன். பக்கத்தில் குழந்தைகள் மீன் படம் போட்ட கொடியை ஆட்டிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டில் ஓமா இருந்தார். ஓமா என்றால் பாட்டி. தோழியின் அம்மாதான், ஆனால் பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைப் போலவே என்னையும் கூப்பிடச் சொன்னார். வயது எண்பத்து மூன்று. மகளோடு பேசாததால் என்னோடு நிறையப் பேசினார். உருளைக்கிழங்கு சாலட்டை என் தட்டில் குவித்துவிட்டு ஆல்பத்தை எடுத்து வந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களில் கணவர் ஒட்டுப் போட்ட கோட்டும் நசுங்கின தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த ஒட்டுகள் எல்லாம் ஓமா கையால் தைத்தவை. தொப்பி முழுக்க ஆண்டுக்கு ஒன்றாகக் குத்திய உலோகச் சின்னங்கள். அவர் இறந்த பிறகு தொப்பி மகனுக்குப் போய்விட்டது. ஒரு படத்தில் ஓமா இருக்கிறார், இருபத்து நான்கு வயதில், இரண்டு கையாலும் வாளியை அணைத்துக்கொண்டு, நனைந்த உடுப்போடு, வாய்விட்டுச் சிரித்தபடி.

"வாளி பிடிப்பது கேவலமான வேலையா?" என்று என்னிடம் கேட்டார். "கீழே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஒரே சேறு. மேலே நிற்பவளுக்குத்தான் மீன் போகும் வழி தெரியும். நான் சொல்வேன், அவர் வலையைப் போடுவார். அந்த வருடம் பத்து கிராமில் ராஜா பட்டம் போயிற்று. என்னையும் சேர்த்துத்தான் தோற்றோம்." கொஞ்சம் நிறுத்தி, "எங்களை யாரும் ஒதுக்கவில்லை. எல்லோரும் ஓடையில் குதித்துவிட்டால் வாளியை யார் பிடிப்பது?" என்றார்.

ஆண்கள் பிடிக்கட்டுமே என்றேன். அவருக்கு அது நல்ல வேடிக்கையாகத் தோன்றியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வேறு எதையோ பேசும்போது, கல்யாணத்துக்குப் பிறகு தையல் கடையில் வேலைக்குப் போனதைச் சொன்னார். "என் கணவர் நல்லவர், தடுக்கவே இல்லை." இங்கே 1977 வரை சட்டமே அப்படித்தான் இருந்தது. குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாத வரைதான் மனைவி வேலைக்குப் போகலாம். ஆணும் பெண்ணும் சமம் என்று 1949இலேயே அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் எழுதியாகிவிட்டது. அந்த ஒரு வரியைச் சேர்க்க எலிசபெத் செல்பர்ட் என்ற வழக்கறிஞர் நாடெங்கும் பெண்களைத் திரட்டிக் கடிதம் எழுதவைக்க வேண்டியிருந்தது. அந்த வரி ஓமாவின் தையல் கடைக்கு வந்துசேர இருபத்தெட்டு ஆண்டு. மெம்மிங்கன் ஓடைக்கு வந்துசேர எழுபதுக்கும் மேல். எங்கள் இல்லத்தில் நான் குளிப்பாட்டிவிடும் பாட்டிகள் பலர் இதே வாக்கியத்தைச் சொல்வார்கள். நல்லவர், தடுக்கவில்லை. எங்கள் ஊரிலும் இதைக் கேட்டிருக்கிறேன், அப்பத்தா வாயில்.

நான் சிவகங்கைப் பக்கம். எங்களுக்கும் ஓர் ஃபிஷர்டாக் உண்டு, யாரும் அதற்கு அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். விடிவதற்குள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் கரையில் வந்து நிற்பார்கள், கையில் ஊத்தா, கச்சா, கொசுவலை, எது கிடைத்ததோ அது. சாமி கும்பிட்டுவிட்டு ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால் கண்மாயே எழுந்து நிற்பதுபோல் இருக்கும். விரால், கெளுத்தி, கெண்டை. அன்றைக்கு ஊரில் மீன் குழம்பு கொதிக்காத வீடு இருக்காது. மீனை விற்கக் கூடாது, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

எங்கள் கண்மாயில் பெண்களும் இறங்குவார்கள். அப்பத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையால் அரித்து எடுப்பாள். நானும் என் தம்பியும் அவளுக்கு இரண்டு பக்கமும். பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அந்த ஆண்டு கரையில் அம்மா என் கையில் அலுமினிய அண்டாவைக் கொடுத்து, "நீ இங்கயே நில்லு, மீன வாங்கிப் போடு" என்றாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாவணி நனைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பத்தாவும் அம்மாவும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், அவர்களுக்குத் தடையில்லை. நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் கரையில் வரிசையாக நின்றோம். தம்பி இறங்கிப் போய் என் பக்கமாகச் சேற்றை அள்ளி எறிந்தான். விளையாட்டுக்குத்தான். அன்றைக்கு அவன் பிடித்து வந்த விராலை நான் அண்டாவில் வாங்கும்போது, அது என் கையில் ஒரு துள்ளுத் துள்ளியது. அந்தத் துள்ளல் எனக்கு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. நான் அழுததாக நினைவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, அண்டா நிறைந்ததும் அம்மா என்னைத்தான் பாராட்டினாள். ஓமாவின் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வராமல் போனதற்கு அதுதான் காரணம். அந்தச் சிரிப்பு பொய்ச் சிரிப்பு அல்ல.

மறுநாள் விடியும் முன்பே தோழி தயாராகிவிட்டாள். பழைய பொருள் சந்தையில் வாங்கிய கோட்டு, சின்னம் ஒன்றுகூட இல்லாத தொப்பி. அவள் வைத்திருந்த வலைக்குப் பெயர் பேர். பேர் என்றால் கரடி, நீளக் கம்பின் முனையில் வளையம் கட்டிய வலை. எனக்கென்று அவள் வாங்கியிருந்த பிளாஸ்டிக் வாளியைச் சமையலறையில் பார்த்த ஓமா ஒன்றும் சொல்லாமல் நிலவறைக்குப் போனார். முட்டி வலியோடு படி இறங்கி, படி ஏறி வந்தார். கையில் தகர வாளி. "பிளாஸ்டிக்கில் கைப்பிடி கழன்றுவிடும்" என்று என்னிடம்தான் சொன்னார். மகளைப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு முன்பே ஓடைக்கரையில் காலெடுத்து வைக்க இடமில்லை. ஜன்னல்களில் ஆட்கள், பாலங்களில் ஆட்கள். நாங்கள் நின்ற பகுதியில் அவள் ஒருத்திதான் பெண். சுற்றியிருந்த ஆண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள், கொஞ்சம் அதிகமாகவே. கிழவர் ஒருவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். பின்னாலிருந்து ஓர் ஆள் ஏதோ சொல்ல நாலைந்து பேர் சிரித்தார்கள். கிளைமொழி, எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. காதுமடல் சிவந்துபோனது. அவர்களோடு சேர்ந்து சிரித்தவர்களில் இரண்டு பேர் பெண்கள். கையில் வாளி வைத்திருந்தார்கள்.

வேட்டு வெடித்தது. அடுத்த நொடி ஓடையே தெரியவில்லை. வெறும் தொப்பிகளும் கம்புகளும். தண்ணீர் ஒரு நிமிடத்தில் காப்பி நிறத்துக்கு மாறியது. எனக்கு எதிரே ஒரு டிரவுட் சுவரோரமாக வழுக்கிக்கொண்டு போனது, கல்லுக்கும் அவள் காலுக்கும் நடுவில். ஓமா சொன்னது சரி, மேலே நிற்பவருக்குத்தான் தெரிகிறது. நான் கத்தினேன். ஜெர்மன் மறந்துபோய் "இந்தா, இந்தா, கால்கிட்ட!" என்று தமிழில் கத்தினேன். அவள் என் கையைப் பார்த்து வலையைச் சாய்த்தாள். தவறிவிட்டது. இன்னொன்றும் தவறியது. மூன்றாவது சிக்கியது. சின்ன மீன்தான், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைகூட இருக்காது. வலையை அவள் தூக்கிக் கொடுத்தபோது அவள் கை நடுங்கியது. முகம் முழுக்கச் சேறு. ஓமாவின் புகைப்படத்தில் இருந்த அதே சிரிப்பு.

அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவளுக்கு இரண்டு மீன், அண்ணனுக்கு நான்கு. ராஜா ஆனது வேறு யாரோ ஓர் ஆண். ஊர் ஒன்றும் இடிந்து விழவில்லை. பெண்கள் வந்தால் விழா அழிந்துவிடும் என்று சொன்னவர்களும் வந்திருந்தார்கள், பீர் குடித்தார்கள். ஆனால் தோழிக்கு நனைந்த உடுப்பை மாற்ற ஓர் இடம் தேட நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். கடைசியில் ஒரு ரொட்டிக் கடையின் கிடங்கில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் மாற்றினாள். நான் வாசலில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் ஓமா ஆறு மீனையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கழுவினார். எது யாருடையது என்று கேட்கவில்லை. மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தார். சாப்பாட்டு மேசையில் மகளிடம் இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை, "வலையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். உன் அப்பாவுக்கும் இதே பழக்கம்." தோழி தட்டைப் பார்த்தபடி தலையாட்டினாள். அண்ணன் மனைவி எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள். உப்பு மேசையிலேயே இருந்தது.

இரவு ரயிலில் வரும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். ஓடை, வேட்டு, ராஜா எல்லாம் சொன்னேன். வழக்கையும் சொன்னேன். மீன் பிடிக்கவா கோர்ட்டுக்குப் போனாள் என்று ஆச்சரியப்பட்டாள். ஆமாம்மா, மீன் பிடிக்கத்தான் என்றேன். பிறகு, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டுவிட்டேன், அந்த வருசம் என்னை ஏன் கரையில் நிற்கச் சொன்னாய் என்று.

"எந்த வருசம்?" என்றாள்.

சொன்னேன். அவளுக்கு நினைவில்லை. "அண்டாவ யாராச்சும் பிடிக்கணும்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ எறங்கணும்னு கேக்கவே இல்லையே ஆத்தா" என்றாள்.

"கேட்டிருந்தா?"

பதில் இல்லை. ரயில் இல்லர் ஆற்றின் பக்கமாக எங்கோ போய்க்கொண்டிருந்தது, சிக்னல் விட்டு விட்டு வந்தது. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அந்தக் கோர்ட்டுக்குப் போன பொம்பளைய ஊருக்குள்ள சும்மா விட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நெறையப் பேரு திட்டுனாங்க. ஆனா இன்னைக்கு அவங்களும் தண்ணிக்குள்ள எறங்குனாங்கம்மா."

மறுபடியும் சத்தமில்லை.

"மீனு எவ்வளவு பெருசு?" என்றாள்.